மூட்டைக்கு ஓர் எண்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? மரக்காணத்தை நெருங்கும்போது பாத்தி பாத்தியாக உப்பளங்கள் கண்ணில் படும். கடல்நீரின் அடர்த்தியைப் போமே என்னும் அளவுகோலில் அளந்தால் ஏறத்தாழ 3 டிகிரி இருக்கும். வெயிலும் காற்றும் நீரை ஆவியாக்க ஆவியாக்க, உவர்நீர் கெட்டியாகிக்கொண்டே போகும். ஏறத்தாழ 25 டிகிரியை எட்டியதும் பாத்தியின் அடியில் உப்பு படியத் தொடங்கும். தொழிலாளர்கள் அதைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பார்கள். பின்னர் அது அம்பாரமாகும், அம்பாரம் மூட்டையாகும், மூட்டை லாரி ஏறும்.

மாணவ நண்பர்களே, இங்கே ஒரு கேள்வி. லாரியில் அடுக்கிய மூட்டைகளில் இரண்டை எடுத்து உங்கள் முன் வைத்தால், எது எந்த மூட்டை என்று சொல்ல முடியுமா? நிறம் ஒன்று, எடை ஒன்று, சாக்கும் ஒன்று. முடியாதல்லவா?

இயற்பியலில் இதைவிடக் கடுமையான ஒரு நிலைமை உண்டு. ஓர் ஒளித்துகளுக்கும் அதே வகையைச் சேர்ந்த மற்றோர் ஒளித்துகளுக்கும் வேறுபாடே கிடையாது. அவற்றுக்கு 1, 2, 3 என்று எண் போட முடியாது என்று கொண்டு கணக்கிட்டால்தான் விடை சரியாக வரும். 1924-இல் சத்யேந்திரநாத் போஸ் செய்த பெரும் கண்டுபிடிப்பின் சாரம் இதுதான். ஆனால் உப்பு மூட்டை ஒளித்துகள் அன்று. ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு வரலாறு உண்டு. அது எந்தப் பாத்தியில் வாரப்பட்டது, எந்த நாளில் அயோடின் கலக்கப்பட்டது, சோதனையில் என்ன விடை வந்தது என்பவையெல்லாம் அந்த மூட்டைக்கே உரியவை. கண்ணுக்குத் தெரியாத அந்த வரலாற்றை மூட்டையோடு கட்டி வைக்கும் கயிறுதான் எண்.

எண் தவறினால் என்ன ஆகும்?

நம் நாட்டில் மக்கள் உண்பதற்காக விற்கும் உப்பில் அயோடின் சேர்ந்திருக்க வேண்டும். உப்பு நம் கைக்கு வரும்போது ஒரு கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் அதில் இருக்க வேண்டும். அயோடின் போதாவிட்டால் கழுத்துக்கழலை நோய் வரும். கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். அடைத்து விற்கும் உணவுப் பொருள்களின் உறை மீது தொகுதி எண் ஒன்று அச்சிட்டிருக்க வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. உங்கள் வீட்டு உப்புப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். அந்த எண் இருக்கும்.

இப்போது ஒரு கற்பனை. உப்பளத்தை ஒட்டி அயோடின் கலக்கும் சிறிய ஆலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தடவை கலக்கும் உப்பு முழுவதும் ஒரு தொகுதி. தொகுதிக்கு ஓர் எண். அந்த எண் எழுதிய சீட்டு மூட்டையில் தொங்கும். அலுவலகக் கணிப்பொறியில் ஒரு விரிதாள். எக்செல் போன்ற மென்பொருள்களில் நிரைகளும் நிரல்களுமாகக் கட்டம் போட்ட தாளைத்தான் விரிதாள் என்கிறோம். முதல் நிரலில் தொகுதி எண், அடுத்தடுத்த நிரல்களில் தேதி, பாத்தி, சோதனை விடை.

ஒவ்வொரு தடவையும் எண்ணைக் கையால் அடிப்பானேன், கணிப்பொறியே போடட்டுமே என்று தோன்றுவது இயற்கை. அங்கேதான் ஒரு பொறி காத்திருக்கிறது.

நகரும் எண்கள்

விரிதாளில் ‘ரோ’ என்றொரு சார்பு உண்டு. அது இருக்கும் கட்டம் எத்தனையாவது நிரையில் உள்ளது என்பதைச் சொல்லும். முதல் நிரையில் தலைப்பு இருப்பதால், ரோ தரும் விடையிலிருந்து 1-ஐக் கழிக்கும்படி எழுதினால் 1, 2, 3 என்று எண்கள் தாமாகவே வந்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும்.

நாற்பது தொகுதிகள் பதிவாகிவிட்டன. 17-ஆம் தொகுதியைச் சோதித்ததில் கிலோவுக்கு 9 மில்லிகிராம் அயோடின்தான் இருந்தது. ‘அனுப்பக் கூடாது’ என்று அதன் நிரையில் குறித்தாயிற்று. மறுநாள் 5-ஆம் நிரையைப் பார்த்த எழுத்தர், அது தவறுதலாக இரண்டு முறை பதிவானது என்று கண்டு அதை நீக்கிவிட்டார்.

என்ன நடக்கும்? கீழேயுள்ள நிரைகள் எல்லாம் ஒரு படி மேலே ஏறும். ரோ சார்பு உடனே மறுபடி கணக்கிடும். நேற்று 17 என்றிருந்த தொகுதி இன்று 16 ஆகிவிடும். ‘அனுப்பக் கூடாது’ என்ற குறிப்பு இப்போது 16-க்கு எதிரே நிற்கும். ஆனால் மூட்டையில் தொங்கும் சீட்டு மாறாது! நல்ல உப்பு கிடங்கிலேயே கிடக்கும். அயோடின் குறைந்த உப்பு கடைக்குப் போகும். பட்டியலைத் தேதிவாரியாகவோ சோதனை விடைவாரியாகவோ வரிசைப்படுத்தினாலும் இதே கதிதான். செய்திகள் இடம் மாறும், எண்கள் நின்ற இடத்திலேயே நிற்கும்.

தவறு எங்கே இருக்கிறது? ரோ தந்தது இடத்தின் எண். நமக்கு வேண்டியது தொகுதியின் எண். பேருந்தில் மூன்றாவது இருக்கையில் உட்கார்ந்தால் உங்கள் பெயரே மூன்று ஆகிவிடுமா?

விரிதாளின் இயல்பு

இந்தத் தொல்லை விரிதாளின் பிறப்பிலேயே இருக்கிறது. 1970-களின் இறுதியில் டான் பிரிக்லின் என்பவர் அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்தார். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு பெரிய கணக்கு அட்டவணை போடுவார். ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுத வேண்டியிருக்கும். ஓர் எண்ணை மாற்றினால் மற்றவை தாமே மாறிக்கொள்ளும் கரும்பலகை இருந்தால் எப்படியிருக்கும் என்று அவர் எண்ணினார். அவரும் பாப் ஃபிராங்ஸ்டனும் சேர்ந்து உருவாக்கிய ‘விசிகால்க்’ 1979-இல் வெளிவந்தது. தனிக் கணிப்பொறிகளுக்கான முதல் விரிதாள் அதுவே.

ஆக, விரிதாளின் உயிர் மறுகணக்கில் இருக்கிறது. ஒன்று மாறினால் எல்லாம் மாற வேண்டும் என்பதற்காகவே அது பிறந்தது. அடையாள எண்ணின் உயிரோ மாறாமையில் இருக்கிறது. எது மாறினாலும் அது மட்டும் மாறக் கூடாது. இவ்விரண்டும் எதிரெதிர்க் குணங்கள். எனவே சூத்திரத்தைக் கொண்டு எண்ணை உண்டாக்கலாம். ஆனால் உண்டாக்கிய மறுகணமே சூத்திரத்தை நீக்கிவிட்டு விடையை மட்டும் நிறுத்த வேண்டும். எக்செல்லில் அந்தக் கட்டத்தை நகலெடுத்து, அதே இடத்தில் ‘மதிப்பாக மட்டும் ஒட்டு’ என்னும் கட்டளையைக் கொடுத்தால் சூத்திரம் மறைந்து எண் நிலைத்துவிடும். பாத்தியில் இருக்கும் வரை உவர்நீர் அசையும். படிந்த உப்பு அசையாது. எண்ணும் அப்படிப் படிந்துவிட வேண்டும்.

அடுத்த எண் எது?

எண்களை நிலைநிறுத்திவிட்டோம். இனி அடுத்த தொகுதிக்கு என்ன எண் கொடுப்பது? மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதல் வழி, எண்ணிப் பார்த்து 1 கூட்டுவது. ‘கவுண்ட்டா’ என்னும் சார்பு நிரப்பப்பட்ட கட்டங்களை எண்ணித் தரும். 40 தொகுதிகள் இருந்தால் அடுத்தது 41. ஆனால் நடுவிலே ஒரு நிரை நீக்கப்பட்டிருந்தால் எண்ணிக்கை 39 ஆகிவிடும். அடுத்த எண் 40 என்று வரும். 40 என்ற எண்ணுள்ள தொகுதி ஏற்கெனவே இருக்கிறதே! ஒரே எண்ணுக்கு இரண்டு தொகுதிகள்.

இரண்டாவது வழி, இருப்பதிலேயே பெரிய எண்ணைக் கண்டுபிடித்து 1 கூட்டுவது. அதற்கு ‘மேக்ஸ்’ என்னும் சார்பு உதவும். நடுவில் எத்தனை நிரைகள் போனாலும் மிகப் பெரியது 40 தான், அடுத்தது 41. முன்னதைவிட இது நல்ல வழி. ஆனால் கடைசி நிரையையே யாராவது நீக்கிவிட்டால்? இப்போது மிகப் பெரியது 39; அடுத்தது மறுபடியும் 40. பழைய 40-ஆம் எண் சீட்டோ கிடங்கில் ஏதோ ஒரு மூட்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது வழி, பட்டியலைப் பார்க்கவே பார்க்காமல் இருப்பது. தனியாக ஒரு கட்டத்தில் ‘கடைசியாகக் கொடுத்த எண்’ என்று எழுதி வையுங்கள். புதிய தொகுதி வரும்போதெல்லாம் அதில் 1 கூட்டி, வந்த எண்ணைக் கொடுங்கள். பட்டியலில் என்ன நீக்கினாலும் இந்தக் கட்டம் பின்னோக்கிப் போகாது. கிலோமீட்டர் கணக்குக் காட்டும் வண்டியின் ஓட்டமானி போல முன்னோக்கி மட்டுமே நகரும். பெரிய தரவுத்தளங்களில் தானியங்கி எண் என்று சொல்வதும் அடிப்படையில் இதுவேதான்.

இதைக் கணிப்பொறியே செய்ய ‘மேக்ரோ’ என்னும் குறுநிரல் ஒன்றை எழுதிக்கொள்ளலாம். அதற்கு நான்கே படிகள்தாம்: எண்ணிக் கட்டத்தில் உள்ளதைப் படி, 1 கூட்டு, கூட்டியதை எண்ணிக் கட்டத்தில் திரும்ப எழுது, அதே எண்ணைப் புதிய நிரையின் முதல் கட்டத்தில் மதிப்பாக எழுது. ஒரு பொத்தானை அழுத்தினால் நான்கும் நடக்கும்.

இது புதிதென்று எண்ணாதீர்கள். உங்கள் பள்ளி அலுவலகத்தின் இரசீதுப் புத்தகத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வோர் இரசீதிலும் எண் முன்னரே அச்சாகியிருக்கும். ஓர் இரசீதைத் தவறாக எழுதிவிட்டால் எழுத்தர் அதைக் கிழித்து எறிய மாட்டார். குறுக்கே கோடு போட்டு ‘ரத்து’ என்று எழுதி, புத்தகத்திலேயே வைத்திருப்பார். அந்த எண் இனி யாருக்கும் கிடையாது. விரிதாளிலும் அதுவே சரியான முறை. நிரையை நீக்காதீர்கள், ஒரு நிரலில் ‘ரத்து’ என்று குறியுங்கள். எண் வரிசையில் ஓட்டை விழுவது குற்றமன்று. ஒரே எண் இரண்டு முறை வருவதுதான் குற்றம்.

இரண்டு கைகள், ஒரே எண்

இதுவரை எண் கொடுத்தவர் ஒருவர்தான். இரண்டு இடங்களில் இரண்டு பேர் ஒரே சமயத்தில் எண் கொடுத்தால்?

இருவரும் இணையம் வழியாக ஒரே விரிதாளைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எண்ணிக் கட்டத்தில் 40. முதலாமவர் 40-ஐப் படிக்கிறார். அவர் 41 என்று எழுதுவதற்குள் இரண்டாமவரும் 40-ஐப் படித்துவிடுகிறார். இருவரும் 41 கொடுக்கிறார்கள். இதைத் தடுக்க ஒரு பூட்டு வேண்டும். அதாவது ஒருவர் படித்து, கூட்டி, எழுதி முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். நியாயவிலைக் கடையில் ஒரே டோக்கன் கட்டிலிருந்து ஒருவரே கிழித்துக் கொடுப்பது இதற்காகத்தான்.

காத்திருக்க முடியாத இடங்களில் வேறொரு வழி உண்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு முன்குறி கொடுத்துவிடுவது. வடக்குக் கிடங்குக்கு ‘வ’, தெற்குக் கிடங்குக்கு ‘தெ’. வ-41 வேறு, தெ-41 வேறு. இருவரும் ஒருவரையொருவர் கேட்காமலே எண் கொடுக்கலாம், மோதல் வராது.

மரக்காணம் கடற்கரைக் குப்பங்களுக்குப் போனால் இந்த முறையைப் படகுகளிலேயே காணலாம். படகின் பக்கத்தில் எழுதியிருக்கும் பதிவு எண்ணில் முதலில் நாட்டின் குறி, அடுத்து மாநிலத்தின் குறி, பிறகு மாவட்டத்தின் எண், படகின் வகை, கடைசியில்தான் வரிசை எண். இரண்டு மாவட்டங்களில் ஒரே வரிசை எண் வந்தாலும் முழு எண் வேறாகவே இருக்கும்.

அஞ்சல் குறியீட்டு எண்ணும் இத்தகையதே. 1972 ஆகஸ்டு 15-இல் நடைமுறைக்கு வந்த ஆறிலக்க எண் அது. மரக்காணத்தின் குறியீட்டு எண் 604303. முதல் இலக்கம் 6 தென்மண்டலத்தைக் குறிக்கும். திண்டிவனம், செஞ்சி, வந்தவாசி ஆகியவற்றின் எண்களும் 604 என்றே தொடங்கும். கடைசி மூன்று இலக்கங்கள்தாம் அஞ்சலகத்தைப் பிரித்துக் காட்டுகின்றன.

முன்குறியைச் சரியாகப் பங்கிடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வேறு வேறு மாநிலங்களில் உள்ள சில வாக்காளர்களின் அடையாள அட்டைகளில் ஒரே எண் இருப்பதாகப் புகார் எழுந்தது. 2025 மார்ச்சு மாதத்தில் தேர்தல் ஆணையம் அதற்கு விளக்கம் தந்தது. எல்லா மாநிலங்களின் பட்டியல்களும் ஒரே கணிப்பொறித் தளத்துக்கு மாறுவதற்கு முன் எண்கள் தனித்தனியே, கைமுறையாக வழங்கப்பட்டன. அதனால் சில மாநிலங்களில் ஒரே எழுத்து வரிசை பயன்பட்டுவிட்டது. எண் ஒன்றாக இருப்பதால் அவர்கள் போலி வாக்காளர்கள் என்று பொருளில்லை என்று ஆணையம் கூறியது. அப்படிப்பட்டவர்களுக்குத் தனித்தனி எண் வழங்கப்படும் என்றும் அறிவித்தது. நம் கற்பனை ஆலையில் இரண்டு எழுத்தர்கள் செய்ததும் இதுவே அல்லவா? அளவுதான் பெரிது.

உப்புத் தொழிலில் ஆண்டும் ஒரு முன்குறிதான். மழை முடிந்து புதுப் பருவம் தொடங்கும்போது மறுபடி 1-இலிருந்து எண்ண விரும்பினால் ஆண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 26-0001 என்றால் சென்ற ஆண்டின் 25-0001-உடன் குழப்பம் வராது.

குருட்டாம்போக்கில் எண் எடுக்கலாமா?

“வரிசையே வேண்டாம், குலுக்கலில் எண் எடுத்தால் என்ன?” என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. விரிதாளில் ‘ராண்ட்பிட்வீன்’ என்னும் சார்பு இரண்டு எல்லைகளுக்கு இடையே ஏதாவதோர் எண்ணைத் தற்செயலாகத் தரும். ஆனால் தாளில் எங்கே எதை மாற்றினாலும் அதுவும் மறுபடி குலுக்கி வேறெண் தந்துவிடும். எனவே இங்கும் மதிப்பாக ஒட்டுவது கட்டாயம்.

அதைவிடப் பெரிய தொல்லை மோதல். 0 முதல் 9,999 வரை பத்தாயிரம் எண்கள் இருக்கின்றன. நமக்கு வேண்டியதோ 120 தான். மோதுவதற்கு வாய்ப்பே இல்லை என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். 120 தொகுதிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 120 × 119 ÷ 2 = 7,140 சோடிகள். ஒவ்வொரு சோடியும் மோதும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. சோடிகள் ஏழாயிரத்துக்கும் மேல்! எங்கேயாவது ஒரு மோதல் நிகழும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. ஒரு வகுப்பில் 23 பேர் இருந்தாலே இருவருக்கு ஒரே பிறந்தநாள் அமையும் வாய்ப்பு பாதிக்கு மேல் என்பதும் இதே கணக்குதான். 23 பேரில் 253 சோடிகள் உண்டு.

ஆனால் எண்ணின் நீளத்தைக் கூட்டினால் நிலைமை மாறும். கணிப்பொறி உலகில் ‘யு.யு.ஐ.டி.’ என்றோர் அடையாளம் உண்டு. அதன் ஒரு வகையில் 122 இரும இலக்கங்கள் தற்செயலாக எடுக்கப்படுகின்றன. அப்படி அமையக்கூடிய எண்கள் எத்தனை தெரியுமா? 2-ஐ 122 முறை பெருக்கினால் வருவது; 5-ஐ எழுதிப் பக்கத்தில் 36 சுழிகள் போட்டதைவிடச் சற்று மிகுதி. உலகின் எந்த மூலையிலுள்ள கணிப்பொறியும் மற்றொன்றைக் கேட்காமலே எண் எடுத்துக்கொள்ளலாம். மோதல் நடைமுறையில் நிகழாது. ஆனால் அவ்வளவு நீளமான எண்ணை மூட்டைச் சீட்டில் எழுதிப் படிக்க யாரால் முடியும்? கணிப்பொறிகள் தமக்குள் பேசிக்கொள்ள அது பொருந்தும்; கரிக்கோலால் எழுதும் கிடங்குக்குச் சிறிய வரிசை எண்ணே பொருந்தும்.

எழுதும்போது வரும் பிழை

எண்ணைச் சரியாகக் கொடுத்தாயிற்று. சீட்டில் எழுதும்போது 4172 என்பதை 4712 என்று எழுதிவிட்டால்? வெயிலில் நின்று நூறு சீட்டு எழுதுபவருக்கு இது நேர்வது இயல்பு. இதைக் கண்டுபிடிக்க எண்ணின் கடைசியில் ஒரு காவலரை நிறுத்தலாம். அதற்குச் சோதனை இலக்கம் என்று பெயர்.

4172-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கங்களை முறையே 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டுங்கள். 20 + 4 + 21 + 4 = 49. இதனுடன் எதைக் கூட்டினால் 11-ஆல் மீதியின்றி வகுபடும்? 6-ஐக் கூட்டினால் 55. எனவே சோதனை இலக்கம் 6. முழு எண் 41726.

இப்போது யாரோ 47126 என்று எழுதிவிட்டார் என்க. 20 + 28 + 3 + 4 + 6 = 61. இது 11-ஆல் வகுபடவில்லை. பிழை பிடிபட்டது! 11 பகா எண்ணாக இருப்பதே இதன் இரகசியம். ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும், கூட்டுத்தொகையில் ஏற்படும் மாற்றம் 11-ஆல் வகுபடவே வகுபடாது. சில வேளைகளில் சோதனை இலக்கம் 10 என்று வரும். அப்போது அந்த எண்ணைக் கொடுக்காமல் தாண்டிவிடுங்கள். பத்திலக்கப் புத்தக எண்களில் இந்த முறைதான் கையாளப்பட்டது. அங்கே 10 வந்தால் எக்ஸ் என்ற எழுத்தைப் போட்டார்கள்.

ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கமும் சோதனை இலக்கமே. 1969-இல் நெதர்லாந்துக் கணித அறிஞர் யாக்கோபஸ் ஃபெர்ஹூஃப் வெளியிட்ட முறையில் அது கணக்கிடப்படுகிறது. மற்ற பதினொன்றும் தற்செயல் இலக்கங்கள். அவற்றில் ஊர், வயது, சாதி எதுவும் ஒளிந்திருப்பதில்லை.

எண் போன்றது, ஆனால் எண் அன்று

இன்னும் ஓர் எச்சரிக்கை. 0041 என்று விரிதாளில் அடித்துப் பாருங்கள்; 41 ஆகிவிடும். 3-4 என்று அடித்தால் ஒரு தேதியாகிவிடும். பதினாறு இலக்க எண் ஒன்றை அடித்தால் எக்செல் முதல் பதினைந்து இலக்கங்களை மட்டுமே காத்து, கடைசியைச் சுழியாக்கிவிடும். கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபட்ட பத்து எண்கள் ஒரே எண்ணாகிவிடும்!

இத்தொல்லை அறிவியலாளர்களையும் விடவில்லை. ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்ற பெயருள்ள மரபணுக்களை எக்செல் தேதியென்று எண்ணி மாற்றிக்கொண்டேயிருந்தது. கடைசியில் 2020-இல் மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது.

அடையாள எண்ணைக் கூட்டுவதுமில்லை, பெருக்குவதுமில்லை. அது இலக்கங்களால் எழுதப்பட்ட பெயர். ஆகவே அந்த நிரலை முதலிலேயே ‘உரை’ என்று வகைப்படுத்திவிட்டு எழுதத் தொடங்குங்கள். வெறும் வரிசை எண்ணை எண்ணிக் கட்டத்தில் எண்ணாகவே வைத்துக்கொள்ளலாம். சீட்டுக்குப் போகும் முழு அடையாளம் உரையாக இருக்கட்டும்.

மனிதருக்கும் எண்

மூட்டைக்குச் சொன்னது மனிதருக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கியது. ஒரே ஊரில் ஒரே பெயரில் நான்கு பேர் இருப்பார்கள். தந்தை பெயரும் ஒன்றாகவே இருக்கக்கூடும். இத்தகைய பட்டியலில் ஓர் எண் இருவருக்கு வந்தால் ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போகும். உப்பு நீரில் நின்று உழைத்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

இங்கே மற்றொன்றையும் கவனியுங்கள். ஓர் எண்ணுக்கு ஒருவர் என்பதை எண்ணிக் கட்டம் உறுதிசெய்யும். ஒருவருக்கு ஓர் எண் என்பதை அதனால் உறுதிசெய்ய முடியாது. ஒரே ஆள் இரண்டு முறை பதிவு செய்தால் அவருக்கு இரண்டு எண்கள் கிடைத்துவிடும். அதைக் கண்டுபிடிக்கப் பெயர், முகவரி, பிறந்த தேதி முதலியவற்றை மனிதர்தாம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எண் எத்தனை தானியங்கியாக இருந்தாலும் பொறுப்பு தானியங்கி ஆகிவிடாது.

செய்து பாருங்கள்

உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் வகுப்பு நூலகத்துக்கு ஒரு விரிதாள் தொடங்குங்கள். தனிக் கட்டத்தில் ‘கடைசியாகக் கொடுத்த எண்’ வைத்து ஐம்பது புத்தகங்களுக்கு எண் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் சோதனை இலக்கம் கணக்கிட்டுச் சேருங்கள். பக்கத்து நிரலில் ‘கவுண்ட்டிஃப்’ என்னும் சார்பைக் கொண்டு ஒவ்வோர் எண்ணும் பட்டியலில் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் 1 என்றே வர வேண்டும்.

பிறகு நண்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, நிரைகளை நீக்கியும் இடம் மாற்றியும் வரிசைப்படுத்தியும் அதைக் கலைக்கச் சொல்லுங்கள். அவர் எவ்வளவு முயன்றாலும், புத்தகத்தின் முதுகில் ஒட்டிய எண்ணும் தாளில் அதன் பெயருக்கு எதிரே உள்ள எண்ணும் ஒன்றாகவே இருந்தால் நீங்கள் வென்றுவிட்டீர்கள். அவர் வென்றால், எந்தக் கட்டத்தில் இன்னும் சூத்திரம் ஒளிந்திருக்கிறது என்று தேடுங்கள்.